திறந்து கிடக்கும் போர்ட்டுகள்: நீக்குவதா, உள்ளேயே கட்டிவைப்பதா, ஃபயர்வால் போடுவதா?

போன வருடம் ஒரு அலுவலகத்தின் பழைய டெபியன் (லினக்ஸில் ஒரு வகை) சர்வர் என் பொறுப்பில் வந்தது. ஏழெட்டு வருடமாக இரண்டு மூன்று பேர் மாறி மாறிப் பார்த்துக்கொண்ட மெஷின். அவரவர் காலத்துத் தேவைக்கு ஒன்றொன்றாக நிறுவியிருக்கிறார்கள், தேவை முடிந்தபின் யாரும் எதையும் எடுக்கவில்லை. அதில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள். ஒன்று அலுவலகத்தின் உள்வலைக்கு, இன்னொன்று நிலையான ஐபி முகவரியோடு நேராக இன்டர்நெட்டுக்கு. ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள பயனராக) உள்ளே போய் எஸ்எஸ் கட்டளையை டி, யு, எல், பி, என் என்ற ஐந்து எழுத்துகளோடு ஓட்டினேன். நெட்வொர்க்கிலிருந்து வருபவர்கள் தட்டும் எண்ணிட்ட வாசல்தான் போர்ட். எந்தெந்த போர்ட்டில் எந்த நிரல் காத்துக்கொண்டிருக்கிறது என்று காட்டும் கட்டளை அது.

கோப்பு அனுப்பும் எஃப்டிபி 21, தொலைவிலிருந்து லாகின் செய்யும் எஸ்எஸ்ஹெச் 22, மெயில் அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ் 25, வெப் சர்வர் 80, 443, என்எஃப்எஸ்ஸுக்கு போர்ட் எண் சொல்லும் ஆர்பிசிபைண்ட் 111, பிரின்டர் தேடும் கப்ஸ்-பிரவுஸ்ட் 631, கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் 2049, டேட்டாபேஸான மரியாடிபி 3306, நினைவகத்தில் டேட்டா வைக்கும் ரெடிஸ் 6379. இவை போக, என்எஃப்எஸ்ஸுக்குத் துணையாக லினக்ஸின் மையமான கர்னலே திறந்துவைத்த, நிரல் பெயர் எதுவும் இல்லாத இரண்டு மூன்று போர்ட்டுகள். பெரும்பாலானவை 0.0.0.0 முகவரியில், அதாவது இரண்டு கார்டுகளிலும், யார் தட்டினாலும் பதில் சொல்லும்படி இருந்தன.

இப்படி ஒரு பட்டியல் கையில் கிடைத்தால் பெரும்பாலானவர்கள் செய்வது, மேலே ஒரு ஃபயர்வாலை (உள்ளே வருவதை விதிப்படி வடிகட்டும் காவலை) போட்டு மூன்று போர்ட்டைத் திறந்துவிட்டு மற்றதெல்லாம் மூடு என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போவது. பல வருடம் நானும் அதைத்தான் செய்தேன். இப்போது அது முதல் வேலை இல்லை, கடைசி வேலை என்று நினைக்கிறேன். ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒவ்வொரு வரிக்கும் நம் முன்னால் இருப்பவை ஏறத்தாழ ஐந்து வழிகள்தான். சர்வீஸையே எடுத்துவிடலாம். இருக்கட்டும், ஆனால் 127.0.0.1 (மெஷின் தன்னையே கூப்பிடும் முகவரி) அல்லது உள்வலை முகவரியில் மட்டும் காத்திருக்கட்டும் என்று கட்டலாம். ஃபயர்வாலில் வடிகட்டலாம். எஸ்எஸ்ஹெச் டனல் (எஸ்எஸ்ஹெச் இணைப்புக்குள்ளேயே போகும் வழி) அல்லது வயர்கார்டு (சாவி உள்ளவர்கள் மட்டும் சேரும் ஒரு விபிஎன்) வழியாக மட்டும் வரச் சொல்லலாம். அல்லது அந்த வேலைக்கே வேறு பாதுகாப்பான நிரலை மாற்றிக்கொள்ளலாம். எது அதிகப் பாதுகாப்பு என்று மட்டும் கேட்டால் நீக்குவதுதான் என்று ஒரே வரியில் முடிந்துவிடும், அது யாருக்கும் உதவாது. நான் கேட்கும் கேள்வி வேறு. இந்த ஏற்பாடு ஒருநாள் தவறிப்போனால் அது எனக்குத் தெரியவருமா?

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். தேவையான ஒரு சர்வீஸைத் தெரியாமல் எடுத்துவிட்டோம் என்று வையுங்கள், ஒரு மணி நேரத்தில் யாராவது போன் செய்வார்கள். ஆனால் ஃபயர்வால் விதி ஒன்று வேலை செய்யாமல் போனால் யாரும் போன் செய்யமாட்டார்கள், ஏனென்றால் எல்லாருக்கும் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கூடவே வெளியாளுக்கும் ஓடும், அவ்வளவுதான் வித்தியாசம். முதல் வகைத் தவறு கூப்பாடு போடும். இரண்டாவது வகை மாதக்கணக்கில் மூச்சுவிடாமல் இருக்கும். இரண்டு வழியும் ஒரே அளவு பாதுகாப்பு தரும் என்றால் கூப்பாடு போடுகிற வழியைத்தான் நான் எடுப்பேன்.

நீக்குவது, நிறுத்துவது, மாஸ்க் செய்வது

கப்ஸ்-பிரவுஸ்ட் விஷயத்தில் யோசிக்கவே இல்லை. அந்த அலுவலகத்தில் பிரின்டர்கள் எல்லாம் நேராக நெட்வொர்க்கில் இருக்கின்றன, சர்வருக்கும் அச்சடிப்பதற்கும் சம்பந்தமே கிடையாது. எப்போதோ ஒரு டெஸ்க்டாப் பேக்கேஜை நிறுவியபோது இதுவும் கூட வந்திருக்கிறது. 2024 செப்டம்பரில் இதே நிரலில்தான் பெரிய ஓட்டை வெளிவந்தது. யுடிபி (முன்கூட்டி இணைப்பு போடாமல் தகவல் அனுப்பும் முறை) 631இல் எந்தக் கார்டு வழியாக யார் அனுப்பினாலும் நம்பி, 'இதோ ஒரு பிரின்டர்' என்று சேர்த்துக்கொள்ளும், கப்ஸ் என்ற அச்சடிக்கும் அமைப்பின் மற்ற ஓட்டைகளோடு அது சேரும்போது நம் மெஷினில் அடுத்தவர் கட்டளையை ஓட்டும் அளவுக்குப் போகும். அச்சடிக்காத ஒரு சர்வரில் இதைப் பேட்ச் போட்டுக் காப்பாற்றிக்கொண்டிருப்பதில் என்ன அர்த்தம்? கன்ஃபிக் கோப்புகளோடு சேர்த்துப் பேக்கேஜையே துடைத்துவிட்டேன்.

டெபியன், உபுண்டு பக்கம் ஒரு பழக்கம் உண்டு, பேக்கேஜை நிறுவினால் அதன் சர்வீஸும் தானாகவே ஓட ஆரம்பித்துவிடும். ரெட்ஹேட் வகையில் நாம் சொன்னால்தான் ஓடும். அதனால் டெபியனில் பழைய சர்வர் என்றால் யாரும் கேட்காமலே ஓடிக்கொண்டிருப்பவை சில இருக்கும், அவற்றை முதலில் தேடுங்கள்.

நிறுத்துவது என்பதில் ஒரு பொறி இருக்கிறது. ஆர்பிசிபைண்ட் சர்வீஸை சிஸ்டம்சிடிஎல் (சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் கட்டளை) கொண்டு நிறுத்தினேன், டிசேபிளும் செய்தேன். திரும்ப எஸ்எஸ் ஓட்டினால் 111 அப்படியே திறந்திருக்கிறது! காரணம், சிஸ்டம்டியில் சர்வீஸுக்குத் தனியாக ஒரு யூனிட், சாக்கெட்டுக்குத் தனியாக ஒரு யூனிட். சாக்கெட் யூனிட் போர்ட்டைத் திறந்துவைத்துக் காத்திருக்கும், யாராவது தட்டினால் சர்வீஸைத் தட்டி எழுப்பிவிடும். இரண்டையும் நிறுத்தவேண்டும். டிசேபிள் என்றால் பூட் ஆகும்போது தானாக ஆரம்பிக்காதே என்று மட்டும்தான் பொருள், வேறொரு யூனிட் 'எனக்கு அது வேண்டும்' என்று கேட்டால் எழுந்துவிடும். மாஸ்க் செய்தால் யார் கேட்டாலும் எழாது.

அப்படியென்றால் எப்போதும் பேக்கேஜை நீக்கிவிடலாமே, மாஸ்க் எதற்கு என்றால், ஆர்பிசிபைண்ட்தான் அதற்குப் பதில். என்எஃப்எஸ் பேக்கேஜ்கள் அதைச் சார்ந்தவை, இதை எடுத்தால் அதுவும் போய்விடும். அங்கே என்எஃப்எஸ் வேண்டும், ஏனென்றால் பேக்கப் மெஷின் ஒன்று அதன் வழியாகத்தான் கோப்புகளை எடுக்கிறது. என்எஃப்எஸ் நான்காம் பதிப்புக்கு 2049 ஒன்று போதும், 111 தேவையே இல்லை. எனவே கன்ஃபிக்கில் மூன்றாம் பதிப்பை அணைத்துவிட்டு, ஆர்பிசிபைண்டின் சர்வீஸ், சாக்கெட் இரண்டையும் மாஸ்க் செய்தேன். பெயரில்லாத அந்த இரண்டு மூன்று போர்ட்டுகளும் அதோடு காணாமல் போயின. என் கணக்கு இதுதான்: யாருக்கும் வேண்டாத சர்வீஸா, நீக்கு. வேறொன்று அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா, மாஸ்க் செய். வெறும் டிசேபிளை நாளைக்கே திரும்ப ஓட்டப்போகிற சர்வீஸுக்கு மட்டும் வைத்துக்கொள்.

எடுப்பதற்கு முன்னால் ஒரு மாதமாவது பொறுத்துப் பாருங்கள். எஸ்எஸ் கட்டளையில் இணைப்பில் உள்ளவர்களையும் காட்டச் சொல்லலாம், அதை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கோப்பில் எழுதவைத்தேன். மாதக் கடைசியில் மட்டும் ஓடுகிற வேலைகள் எல்லா அலுவலகத்திலும் உண்டு. ஒரு வாரம் பார்த்துவிட்டு எடுத்தால் முப்பதாம் தேதி சம்பளப் பட்டியல் போகும் நேரத்தில் மாட்டிக்கொள்வோம்.

கவனிக்காமல் திறந்துவிட்ட வசதிகளால் வந்த கேடு நேற்று தொடங்கியது இல்லை. 1988 நவம்பர் 2ஆம் தேதி ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் விட்ட புழு நுழைந்த வழிகளைப் பாருங்கள். யார் லாகின் செய்திருக்கிறார்கள் என்று ஊருக்கே சொல்லும் ஃபிங்கர் சர்வீஸ், சென்ட்மெயிலில் சோதனைக்காக வைத்து அப்படியே விட்டுப்போன டீபக் வசதி, பாஸ்வேர்டே கேட்காமல் 'அந்த மெஷினிலிருந்து வருகிறாயா, சரி வா' என்று விடும் ஆர்எஸ்ஹெச். இன்று இந்த மூன்றும் எந்த சர்வரிலும் ஓடக்கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதே மாதிரி யாரும் கேட்காமல் ஓடுபவை இன்றைய சர்வர்களில் வேறு பெயர்களில் இருக்கின்றன.

உள்ளேயே கட்டிவைப்பது

ரெடிஸ், மரியாடிபி, போஸ்ட்ஃபிக்ஸ் மூன்றும் தேவை. ஆனால் மூன்றையும் கூப்பிடுவது அதே மெஷினில் ஓடும் நிரல்கள்தான் (மரியாடிபிக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு, பின்னால் சொல்கிறேன்). இந்த இடத்தில்தான் ஃபயர்வால் போதுமே என்ற எண்ணம் வரும். எனக்கு இங்கே 127.0.0.1இல் கட்டுவதுதான் சரி என்று படுகிறது, அதுவும் ஃபயர்வாலைவிட நிச்சயமாக மேல். காரணம், வெளிக் கார்டில் அந்தப் போர்ட் இருக்கவே இருக்காது. வடிகட்ட வேண்டியதே இல்லை. இன்னொரு காரணம், எஸ்எஸ் ஓட்டினால் அந்த நிலைமை அப்படியே கண்ணுக்குத் தெரியும். 0.0.0.0:3306 என்று இருந்தால் தப்பு, 127.0.0.1:3306 என்று இருந்தால் சரி, பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். ஃபயர்வாலை நம்பியிருக்கும் சர்வரில் எஸ்எஸ்ஸின் பட்டியல் நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

போஸ்ட்ஃபிக்ஸுக்கு ஒரு வரி போதும், லூப்பேக்கில் (127.0.0.1இல்) மட்டும் கேள் என்று. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் அனுப்பும் மெயில்கள் போவதற்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

ரெடிஸ் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். இது நம்பகமான உள்வலைக்காக எழுதப்பட்ட நிரல். பாஸ்வேர்ட் வைக்காத ரெடிஸ் வெளியே தெரிந்தால் அதிலுள்ள டேட்டா மட்டும் போகும் என்று நினைக்காதீர்கள். 2022இல் வந்த 7.0 பதிப்புக்கு முன்பு வரை, ரெடிஸ் தன் டேட்டாவை எந்த டைரக்டரியில் எந்தப் பெயரில் சேமிக்கவேண்டும் என்பதை ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றச் சொல்ல முடிந்தது. ரூட்டாக ஓடும் பழைய ரெடிஸில் அந்த இடத்தை ரூட்டின் எஸ்எஸ்ஹெச் டைரக்டரியாகவும், கோப்பின் பெயரை அனுமதிச் சாவிகள் இருக்கும் கோப்பின் பெயராகவும் மாற்றி, தன் சாவியையே ஒரு மதிப்பாக எழுதிச் சேமிக்கச் சொன்னால் போதும், அடுத்த நிமிடம் அந்த ஆள் ரூட்டாக லாகின் செய்துவிடுவார். ரெடிஸில் பிழையே இல்லாமல், கொடுத்த வசதிகளை வைத்தே செய்யக்கூடிய வேலை இது. அதனால்தான் 2016இல் வந்த 3.2 பதிப்பிலிருந்து, பாஸ்வேர்டும் இல்லாமல் முகவரியும் கட்டாமல் விட்டிருந்தால் வெளியாட்களுக்குப் பதில் சொல்ல மறுக்கும் பாதுகாப்பு நிலையைச் சேர்த்தார்கள்.

மெம்கேஷ்ட் (ரெடிஸைப் போல நினைவகத்தில் டேட்டா வைக்கும் நிரல்) வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்கவேண்டும். அங்கே பாதிக்கப்படுவது நாம் இல்லை, அடுத்தவர். யுடிபி 11211இல் ஒரு சின்னக் கேள்வியை அனுப்பி, அனுப்பியவர் முகவரியாக வேறொருவரின் முகவரியைப் பொய்யாகப் போட்டால், பல்லாயிரம் மடங்கு பெரிய பதில் அந்த அப்பாவியின் தலையில் போய் விழும். 2018 பிப்ரவரி 28 அன்று நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்ஹப் மேல் விநாடிக்கு 1.35 டெராபிட் அளவில் வந்து கொட்டியது இப்படி வந்ததுதான். அந்தத் தாக்குதலில் பங்கெடுத்த சர்வர்களின் சொந்தக்காரர்களுக்குத் தங்கள் மெஷின் அதைச் செய்துகொண்டிருந்ததே தெரிந்திருக்காது. அதன்பின் வந்த 1.5.6 பதிப்பில் யுடிபியையே இயல்பாக அணைத்துவிட்டார்கள். மோங்கோடிபி என்ற டேட்டாபேஸும் 3.6 பதிப்பிலிருந்து இயல்பிலேயே உள்முகவரியில் மட்டும் கேட்கிறது, 2017 தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான டேட்டாபேஸ்களை அழித்துவிட்டுப் பணம் கேட்டுக் குறிப்பு வைத்துவிட்டுப்போன சம்பவங்களுக்குப் பிறகு. இந்த நிரல்களை எழுதியவர்களே கடைசியில் வந்து சேர்ந்த இடம், முகவரியைக் கட்டு என்பதுதான்.

127.0.0.1க்கும் எல்லை உண்டு. அந்த மெஷினில் லாகின் உள்ள எவரும், அதில் ஓடும் எந்த வெப் நிரலும் அங்கே போகலாம். வெப் நிரலில், நான் கொடுக்கும் முகவரியைப் போய் எடுத்து வா என்று ஏமாற்றக்கூடிய ஓட்டை இருந்தால் வெளியாளும் அதன் தோளில் ஏறி உள்ளே வந்துவிடுவார். அதனால் முடிந்த இடங்களில் யுனிக்ஸ் சாக்கெட்டுக்கு மாறிவிடுங்கள். அது ஒரு கோப்பு, கோப்புக்கான அனுமதிகள் அதற்கும் பொருந்தும், எந்தக் குழுவுக்குத் தரவேண்டுமோ அந்தக் குழுவுக்கு மட்டும் தரலாம். ரெடிஸில் போர்ட் எண்ணைப் பூஜ்யமாக்கி சாக்கெட் கோப்பின் பாதையைக் கொடுத்தேன். பட்டியலிலிருந்து 6379 மறைந்தது.

ஃபயர்வால்

இதற்கு நான் எதிரி இல்லை. அந்த சர்வரில் என்எஃப்டேபிள்ஸ் என்ற ஃபயர்வால் இன்றும் ஓடுகிறது. ஆனால் ஒரு சர்வீஸைக் காப்பாற்ற ஃபயர்வால் ஒன்றை மட்டுமே நம்பியிருக்கும் ஏற்பாட்டை நான் பரிந்துரைக்கமாட்டேன், ஏனென்றால் அது சத்தமில்லாமல் தவறும் வழிகள் ஏராளம்.

என் அனுபவத்தையே சொல்கிறேன். சில வருடம் முன்பு வேறொரு வாடகை சர்வரில் ஐபிடேபிள்ஸ் (அதற்கு முந்தைய ஃபயர்வால் கருவி) விதிகளை அக்கறையாக எழுதினேன். 3306ஐ வெளியிலிருந்து தட்டிப் பார்த்தேன், திறக்கவில்லை, நிம்மதியாக இருந்தேன். அந்த சர்வருக்கு ஐபிவி6 என்ற புதிய வகை முகவரியும் இருந்தது. ஐபிடேபிள்ஸ் விதிகள் ஐபிவி4க்கு மட்டும்தான், ஆறுக்குத் தனிக் கட்டளை, தனி விதிகள். நான்கு மாதம் கழித்து, ஐபிவி6 உள்ள ஒரு இணைப்பிலிருந்து வேறு எதற்கோ சோதித்தபோது 3306 பளிச்சென்று திறந்திருந்தது. அந்த நான்கு மாதமும் யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை, எனக்கு ஒரு குறிப்புகூட வரவில்லை. டேட்டாபேஸை 127.0.0.1இல் கட்டியிருந்தால் இது நடந்தே இருக்காது. என்எஃப்டேபிள்ஸில் இரண்டையும் ஒரே அட்டவணையில் எழுதும் வசதி இருக்கிறது, புதிதாக ஆரம்பிப்பவர்கள் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் டாக்கர், நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி. யூஎஃப்டபிள்யூ என்ற எளிய ஃபயர்வாலில் உள்ளே வரும் எல்லாவற்றையும் மறு என்று வைத்துவிட்டு, ஒரு கன்டெய்னரை 6379:6379 என்று போர்ட் கொடுத்து ஓட்டினால் அது ஊருக்கே திறந்துவிடும். டாக்கர், முகவரி மாற்றும் நாட் அட்டவணையில் தன் விதிகளைச் செருகுகிறது, பாக்கெட்டின் முகவரி அங்கேயே மாறி அது வேறு பாதையில் போய்விடுகிறது, யூஎஃப்டபிள்யூ காவல் காக்கும் வாசலுக்கு அது வருவதே இல்லை. டாக்கரின் ஆவணங்களிலேயே இது எழுதியிருக்கிறது. யூஎஃப்டபிள்யூவின் நிலையைக் கேட்டால் எல்லாம் மூடியிருக்கிறது என்றுதான் சொல்லும். தீர்வு மறுபடியும் கட்டுவதுதான், 127.0.0.1:6379:6379 என்று முகவரியோடு கொடுங்கள்.

இதே குணம் கொண்ட இன்னொரு பழைய நண்பர் டிசிபி ராப்பர்ஸ், யாரை விடலாம், யாரை மறுக்கலாம் என்று கோப்பில் எழுதிவைக்கும் முறை. அந்த அலுவலக சர்வரில் ஹோஸ்ட்ஸ் டினை கோப்பில் யாரோ 'எல்லாரையும் மறு' என்று எழுதிவைத்திருந்தார்கள். பார்க்கத் திடமாக இருக்கும். ஆனால் அந்தக் கோப்பைப் படிக்கும் நூலகத்தோடு இணைக்கப்பட்ட நிரல்கள் மட்டும்தான் அதை மதிக்கும், ரெடிஸ் அதைத் திரும்பியும் பார்க்காது. லினக்ஸில் எஸ்எஸ்ஹெச்சைத் தரும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 2014இல் 6.7 பதிப்போடு அந்த ஆதரவையே எடுத்துவிட்டது. டெபியன் தன் சொந்தத் திருத்தத்தால் அதைத் தொடர்ந்தது, ரெட்ஹேட் 8இல் டிசிபி ராப்பர்ஸே கிடையாது. ஒரு டிஸ்ட்ரோவிலிருந்து (லினக்ஸ் வகையிலிருந்து) இன்னொன்றுக்கு அந்தக் கோப்பைக் காப்பியடித்துப் போட்டால் பிழைச்செய்தி ஒன்றும் வராது, பாதுகாப்பும் இருக்காது. இன்று புதிதாக அதை யாரும் நம்பக்கூடாது.

அப்படியானால் ஃபயர்வால் எதற்கு? நமக்குத் தெரிந்த சர்வீஸ்களுக்கு நீக்குவதும் கட்டுவதும். நமக்குத் தெரியாமல் நாளைக்கு முளைக்கப்போவதற்கு ஃபயர்வால். இந்தப் பிரிவினை எனக்குப் பிடித்திருக்கிறது, அதன்படிதான் வைத்திருக்கிறேன். வெளிக் கார்டில் 22, 80, 443, வயர்கார்டின் யுடிபி 51820 தவிர எதுவும் உள்ளே வராது. என்எஃப்எஸ்ஸுக்கு உள்வலையிலும்கூட பேக்கப் மெஷினின் முகவரியிலிருந்து மட்டும் அனுமதி, ஏனென்றால் சாதாரண என்எஃப்எஸ் எதிர்முனை 'நான் இந்த எண்ணுள்ள பயனர்' என்று சொன்னால் அப்படியே நம்பிவிடும், உள்வலையில் ஒரு லேப்டாப்பைச் சொருகியவர் எந்தப் பயனராகவும் வேஷம் போடலாம். கிளவுட் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு வழங்குநரின் தளத்திலேயே ஒரு ஃபயர்வால் இருக்கும், அதைக் கட்டாயம் போடுங்கள். அது மெஷினுக்கு வெளியே இருப்பதால் டாக்கரோ, உள்ளே புகுந்துவிட்டவரோ அதைத் தொட முடியாது.

எஸ்எஸ்ஹெச் வழியாக வேலை செய்துகொண்டே விதிகளை மாற்றும்போது நம்மையே வெளியே தள்ளிக்கொள்ளும் அபாயம் உண்டு. புதிய விதிகளை ஏற்றுவதற்கு முன், பத்து நிமிடத்தில் பழைய விதிகளைத் திரும்ப ஏற்று என்று அட் கட்டளையில் ஒரு வேலை வைத்துவிடுங்கள். எல்லாம் சரியென்றால் அந்த வேலையை நீக்கிவிடலாம். அப்புறம் ஒருமுறை ரீபூட் செய்து பாருங்கள், கையால் ஏற்றிய விதிகள் பூட்டுக்குப் பின் மறைந்துபோவது அடிக்கடி நடப்பது.

டனலா, வயர்கார்டா?

மரியாடிபியை வீட்டிலிருந்து பார்க்கவேண்டிய இருவர் இருந்தார்கள், 3306 வெளியே திறந்திருந்ததற்குக் காரணமே அதுதான். இருவரில் ஒருவர் டெவலப்பர், அவருக்கு எஸ்எஸ்ஹெச் டனல் போதும், சர்வரில் புதிதாக ஒன்றும் நிறுவவேண்டாம், அவர் லேப்டாப்பில் ஒரு கட்டளை. இன்னொருவர் அறிக்கை எடுப்பவர், கட்டளைத் திரையைத் தொடாதவர். அவருக்கு தினமும் டனல் போடு என்று சொன்னால் ஒரு வாரத்தில், பழைய மாதிரியே திறந்துவிடுங்களேன் என்ற கோரிக்கைதான் வரும். அவருக்காக வயர்கார்டு போட்டேன். ஒரு பொத்தானை அழுத்தினால் இணைப்பு.

வயர்கார்டு 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6இலிருந்து கர்னலிலேயே இருக்கிறது. சரியான சாவி இல்லாதவருக்கு அது பதிலே அனுப்பாது, வெளியிலிருந்து தேடினால் அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. மரியாடிபியை 127.0.0.1இலும் வயர்கார்டு முகவரியிலும் கேட்கவைத்தேன். இதில் ஒரு சிக்கல், பூட் ஆகும்போது வயர்கார்டு எழுவதற்கு முன் மரியாடிபி எழுந்தால் அந்த முகவரி இல்லை என்று சொல்லி நின்றுவிடும். யூனிட் கோப்பில் வரிசையைச் சொல்லவேண்டும். எரிச்சலான வேலைதான், ஆனால் கவனியுங்கள், இது தவறினால் வெப்சைட்டே நின்று எல்லாரும் கூப்பிடுவார்கள். இந்த மாதிரித் தவறோடு என்னால் வாழமுடியும்.

ஒரே ஆள், அவ்வப்போது என்றால் டனல். இரண்டு பேருக்கு மேல், அல்லது தினசரி வேலை என்றால் வயர்கார்டு.

எஃப்டிபியை மாற்றியது

இதுதான் கடினமாக இருந்தது, தொழில்நுட்பத்தால் அல்ல. எஃப்டிபியில் பாஸ்வேர்ட் அப்படியே வெளிப்படையாகப் போகும், பழைய லாகின் முறையான டெல்நெட்டைப் போல. இந்தக் கொடுமைக்குத்தான் 1995இல் ஃபின்லாந்தில் டாட்டு யுலோனன், தன் பல்கலைக்கழக வலையில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டதைப் பார்த்து எஸ்எஸ்ஹெச்சை எழுதினார். எஃப்டிபியின் 21க்கும் டெல்நெட்டின் 23க்கும் நடுவில் 22 என்ற எண்ணைக் கேட்டு வாங்கியதும் அவர்தான், இரண்டு பக்கத்துக்கும் மாற்றாக இருக்கட்டும் என்று. எஃப்டிபி நிரல்களே நஞ்சாகி வந்த கதையும் உண்டு, 2011இல் விஎஸ்எஃப்டிபிடி 2.3.4இன் மூலக்கோப்பில் யாரோ பின்கதவு வைத்துவிட்டார்கள், பயனர் பெயரில் ஒரு சிரிப்புக் குறியைச் சேர்த்தால் 6200இல் ஷெல் (கட்டளைத் திரை) திறக்கும்.

எஸ்எஃப்டிபிக்கு (எஸ்எஸ்ஹெச் வழியாகக் கோப்பு அனுப்பும் முறைக்கு) மாற்றுவதில் சர்வர் பக்கம் அரை மணி நேர வேலை. ஒரு குழு, அவர்களுக்கு எஸ்எஸ்ஹெச்சின் உள்ளமைந்த எஸ்எஃப்டிபி மட்டும், ஷெல் கிடையாது, ஒரு டைரக்டரிக்குள் அடைப்பு. அடைக்கும் டைரக்டரி ரூட்டுக்குச் சொந்தமாக, வேறு யாரும் எழுத முடியாததாக இருக்கவேண்டும், இல்லையென்றால் லாகினே ஆகாது. பலர் தடுக்கி விழும் இடம் இது. எழுதுவதற்கு உள்ளே இன்னொரு டைரக்டரி வைத்துக்கொடுங்கள்.

மாற்றிய மறுநாள் காலை ஒன்பதரைக்கு கணக்குப் பிரிவு அக்கா கூப்பிட்டார். "தம்பி, நேத்து வரைக்கும் ஃபைல் போச்சே, இன்னைக்கு என்ன பண்ணீங்க?" நான் எல்லாருக்கும் மெயில் அனுப்பியிருந்தேன், அவர் படிக்கவில்லை, அது அவர் தப்பும் இல்லை. அவர் கோப்பு அனுப்பும் அதே ஃபைல்ஜில்லா மென்பொருளில் நெறிமுறையை மாற்றிக்கொடுத்ததும் முடிந்தது. முடியாதது ஸ்கேனர். பழைய பெரிய ஸ்கேனர், எஃப்டிபி தவிர வேறு எதுவும் தெரியாது, புதிது வாங்கப் பணம் ஒதுக்க அடுத்த நிதியாண்டு ஆகும் என்றார்கள். அதனால் எஃப்டிபியை முழுக்க எடுக்கவில்லை. உள்வலை முகவரியில் மட்டும் கட்டி, ஸ்கேனருக்கென்று ஒரே ஒரு பயனர், எழுத மட்டும் அனுமதி, படிக்க முடியாது. நீக்கவேண்டும் என்று கொள்கை இருந்தும் கட்டிவைத்தலோடு நின்றேன். ஓடும் அலுவலகத்தில் சில இடங்களில் இப்படித்தான் முடிவெடுக்க முடியும், அடுத்த ஏப்ரலில் எடுக்கவேண்டும் என்று கன்ஃபிக் கோப்பின் முதல் வரியிலேயே எழுதிவைத்தேன்.

மிச்சம் எஸ்எஸ்ஹெச்

எல்லாம் முடிந்தபின் வெளியே நிற்பது இதுதான், வெப்பைத் தவிர. சாவி மட்டும், பாஸ்வேர்ட் லாகின் கிடையாது. கன்ஃபிக்கில் எழுதிவிட்டு நம்பிவிடாதீர்கள், துணை டைரக்டரியில் வேறொரு கோப்பு பாஸ்வேர்டை முன்பே அனுமதித்திருந்தால் முதலில் படித்ததுதான் செல்லும். எஸ்எஸ்ஹெச்டியைப் பெரிய டி எழுத்தோடு ஓட்டினால் உண்மையில் நடப்பில் இருக்கும் அமைப்பைக் காட்டும். போர்ட் எண்ணை மாற்றுவது லாகில் சத்தத்தைக் குறைக்கும், அவ்வளவுதான்.

இதையும் வயர்கார்டுக்குள் ஒளிக்கலாமா? 2024 மார்ச்சில் தெரியவந்த, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நூலகத்தில் வைத்த பின்கதவு எஸ்எஸ்ஹெச்சைத்தான் குறிவைத்தது, லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்து ஆன்ட்ரஸ் ஃப்ராயின்ட் கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் எவ்வளவு தூரம் போயிருக்குமோ. ஜூலையில் ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சிலேயே ரெக்ரெஷன் என்ற ஓட்டை. இரண்டையும் நினைத்தால் ஒளிப்பதுதான் சரி. ஆனால் ஒளித்துவிட்டு வயர்கார்டு ஒருநாள் எழவில்லையென்றால் வேறு வழி வேண்டும். கிளவுட்டில் வழங்குநரின் கன்சோல் இருக்கிறது, அங்கே ஒளித்துவிடுங்கள். இந்த அலுவலகத்தில் இரவில் திரைக்கு முன்னால் போய் உட்கார யாரும் இல்லை, அதனால் திறந்தே வைத்திருக்கிறேன், ஓப்பன்எஸ்எஸ்ஹெச் அப்டேட் வந்த அன்றே போடுவது என்ற நிபந்தனையோடு.

கடைசியாகச் செய்த வேலை சின்னது. தினமும் காலை ஆறு மணிக்கு எஸ்எஸ்ஸின் பட்டியலை எடுத்து, நேற்றையதோடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் மட்டும் எனக்கு மெயில் அனுப்பும் கிரான். கூடவே வாரம் ஒருமுறை வெளியே உள்ள வேறொரு மெஷினிலிருந்து, திறந்த போர்ட்டுகளைத் தேடும் என்மேப், ஐபிவி4இலும் ஆறிலும். மூன்று மாதம் மெயில் எதுவும் வரவில்லை. போன வாரம் வந்தது: 0.0.0.0:8000, பைதான். புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு டைரக்டரியைப் பக்கத்து சீட்டில் உள்ளவருக்குக் கொடுக்க பைதானின் வெப் சர்வரை ஓட்டிவிட்டு, அப்படியே வீட்டுக்குப் போயிருக்கிறார். இரவு முழுவதும் அதன் லாகில் உள்வலை முகவரிகள் இரண்டே இரண்டு. வெளிக் கார்டிலிருந்து ஒருவரும் வரவில்லை, ஃபயர்வால் தடுத்திருந்தது. பத்து மணிக்கு அவர் வந்ததும் கூப்பிட்டுப் பட்டியலைக் காட்டினேன், பார்த்துவிட்டு அவரே அதை நிறுத்தினார், அடுத்தமுறை 127.0.0.1 கொடுத்து ஓட்டினால் பக்கத்து சீட்டுக்குத் தெரியாதே, என்ன செய்வது என்று கேட்டார். எஸ்எஃப்டிபி குழுவில் அவரைச் சேர்த்துவிட்டேன்.